மந்தினுக்கு வந்த லென்ஸ் பட்டறை

புஷ்பவள்ளிக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. தோட்டத் தொழிலாளர் லயங்களை இடித்தபோது, சிரம்பான் பக்கமுள்ள மந்தினில், தாமான் என்ற குடியிருப்பில் கிடைத்த வீட்டில் குடியிருந்தாள். பத்தொன்பது வருடங்களாக விடியுமுன் வேன் ஏறி, கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்வந்தாள். மூக்குக் கண்ணாடிக் கடைகள் அனுப்பும் லென்ஸைப் பிரேமுக்குத் தக்கபடி வெட்டி, தேய்த்து, பொருத்தித் தரும் பட்டறை அது. முதலாளி சுல்தான். மேற்பார்வை முழுவதும் வள்ளியிடம்தான்.

ஒருநாள் கட்டடத்துச் சொந்தக்காரர் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். சுல்தான் நகரமெங்கும் அலைந்தார். நல்ல இடத்தின் வாடகை தலையைச் சுற்றவைத்தது. வாடகை ஒத்துவந்த இடத்தில் வண்டி நிறுத்த வழியில்லை.

"பாய், பேசாம மந்தினுக்கு வந்துருங்க," என்றாள் வள்ளி.

சுல்தான் சிரித்துவிட்டார். "மந்தினா? அங்க யாருலா இருக்கா?"

"நான் இருக்கேன். என்கூட வேன்ல வர்ற அஞ்சு பேரும் அங்கதான். நம்ம பட்டறையில மொத்தமே ஒம்போது பேருதானே பாய்!"

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் அதை யோசித்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மந்தினுக்குக் காரில் வந்த சுல்தானை வள்ளி லேசில் விடவில்லை. காலியாகக் கிடந்த கடைவீடு, வாசலிலேயே வண்டி நிறுத்த இடம், சற்றுத் தள்ளி கூரியர் அலுவலகம், ஐந்தே நிமிடத்தில் நெடுஞ்சாலை. எல்லாவற்றையும் காட்டினாள். வாடகையைக் கேட்டதும் சுல்தான் இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

"எல்லாம் சரிம்மா. காலையில குடுத்தது சாயந்தரம் கைக்கு வரலைன்னா கோலாலம்பூர் கடைக்காரங்க வேற ஆளப் பாத்துருவாங்க."

"ஒரு வாரம் பாத்துருவோம் பாய். ஒரு மெஷின் குடுங்க, போதும்."

வள்ளியும் மூன்று பெண்களும் மந்தினில் வேலையைத் தொடங்கினார்கள். வேன் ஓட்டும் புனிதன் கோலாலம்பூர்க் கடைகளிலிருந்து பிரேம்களையும் லென்ஸ்களையும் எடுத்துவந்து, முடிந்ததும் திருப்பிக் கொண்டுபோனான். புதன்கிழமை மழை. நெடுஞ்சாலையில் ஜாம். பதினொரு மணிக்கு வரவேண்டிய பெட்டி பன்னிரண்டரைக்குத்தான் வந்தது. அதிலும் வழக்கத்தைவிட இருமடங்கு வேலை. நால்வரும் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். மூன்றேகாலுக்கு வேன் கிளம்பியது. ஐந்து மணிக்கு வள்ளியின் போன் அடித்தது.

"அக்கா! எல்லாக் கடையிலயும் குடுத்தாச்சுலா!"

பெண்கள் போட்ட கூச்சலில் பக்கத்து முடிதிருத்தும் கடைக்காரர் எட்டிப்பார்த்தார். அந்த வாரம் முழுக்க உடைந்தது ஒரே ஒரு லென்ஸ். கோலாலம்பூரில் ஒரு நாளைக்கே இரண்டு மூன்று உடையும்.

"தூக்கக் கலக்கத்தோட வெட்டுனா உடையாதா பாய்?" என்றாள் வள்ளி.

அடுத்த மாதமே பட்டறை மொத்தமும் மந்தினுக்கு வந்தது. முதல் நாள் எட்டரைக்குக் கிளம்பினால் போதும். ஆனால் பரபரப்பில் தோசையை உட்கார்ந்து தின்னக்கூட வள்ளியால் முடியவில்லை. ஏழரைக்கே போய்க் கதவைத் திறந்துவிட்டாள். இரண்டு ஆள் தேவை என்று ஒட்டிய தாளைப் பார்த்து, மதியத்துக்குள் தள்ளியிருக்கும் ரந்தாவிலிருந்தும் பெடாசிலிருந்தும்கூட ஆட்கள் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார்கள். சிரம்பான் கடைகளும் வேலை அனுப்பத் தொடங்கின. பட்டறையில் வேலை செய்துகொண்டு கோலாலம்பூரில் ஒற்றை அறையில் இருந்த ஃபர்சானா, அதே வாடகைக்கு மூன்று அறை வீடு எடுத்துப் பிள்ளைகளோடு வந்துசேர்ந்தாள்.

நான்காம் மாதம் சுல்தான் மெதுவாகக் கேட்டார்: "வள்ளி, ஒங்க தாமான்ல வீடு ஏதும் காலியா இருக்கா?"

"யாருக்கு பாய்?"

"எனக்குத்தான்லா!"

வள்ளி கையிலிருந்த பிரேமை அப்படியே வைத்துவிட்டு, வீட்டுக்காரர்களின் போன் எண்களைத் தேட ஆரம்பித்தாள்.