சுத்தம் அக்காவுக்குக் கிடைத்த கையெழுத்து

எங்கள் மேனேஜர் பேனா மூடியால் காது குடைவார். குடைந்து, மூடியில் ஒட்டியதை ஒருமுறை பார்த்துவிட்டு, அதை அப்படியே பேனாவில் செருகிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். எனக்குக் குமட்டும். அந்தப் பேனா போட வேண்டிய ஒரு கையெழுத்துக்காகத்தான் சுத்தம் அக்கா இரண்டு வருஷமாக அவர் அறை வாசலில் நின்றாள்.

அக்கா எனக்கு உடன்பிறந்தவள் இல்லை. அக்கவுண்ட்ஸ் பிரிவில் அவளுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மேஜை. பில் தொலைந்தாலும், பிரின்டர் காகிதத்தைக் கடித்துக்கொண்டு நின்றாலும், "சுத்தம்!" என்று நெற்றியில் அடித்துக்கொள்வாள். அதுவே பெயராகிவிட்டது.

அவள் குடியிருந்தது வெல்டிங் பட்டறைக்கு மேலே இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் புகை, மூடினால் புழுக்கம். அவள் மகள் படிக்கட்டில் உட்கார்ந்து, இருமி இருமித் தோள் இரண்டும் ஏறி இறங்க மூச்சு வாங்கியதை நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். "மருந்து கொடுக்கறது என் வேலை, வீட்ட மாத்தறது உங்க வேலை" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வேன் ஓட்டும் கணவரின் வருமானத்தையும் கிளார்க் சம்பளத்தையும் சேர்த்துவைத்தாலும் அந்தப் பட்டறையைத் தாண்டி வீடு பிடிக்க முடியாது.

ஆனால் அக்கா இனி கிளார்க்காக இருக்க வேண்டியதே இல்லை. அக்கவுண்டன்ட் தகுதிப் பரீட்சையில் எல்லாத் தாளும் பாஸ். கடைசித் தாள் அவளை இரண்டு தடவை கவிழ்த்துப் போட்டு, மூன்றாவது தடவைதான் வழிவிட்டது. அன்றைக்கு ஆபீஸ் முழுக்க கேக் வாங்கிக் கொடுத்தாள். தகுதி பெற்றவருக்கும் எங்களுக்கும் சம்பளத்தில் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். சம்பள ஃபைல் என் கை வழியாகத்தான் போகிறது, எனக்குத் தெரியாதா?

பாஸானால் மட்டும் போதாது என்பதுதான் வில்லங்கம். ஏற்கனவே தகுதி பெற்ற ஒருவர், "இவர் எங்கள் ஆபீஸில் மூன்று வருஷம் ஒழுங்காக வேலை பார்த்தார்" என்று கையெழுத்துப் போட்டால்தான் பட்டம் கைக்கு வரும். எங்கள் ஆபீஸில் அப்படிப்பட்ட ஆள் மேனேஜர் ஒருவர்தான். வேறு கம்பெனிக்குப் போனால் மூன்று வருஷத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்?

"என்னம்மா அவசரம்? குவார்ட்டர் கணக்கு முடியட்டும், பாத்துக்கலாம்" என்பார் மேனேஜர். குவார்ட்டர் முடிந்தால் ஆடிட், ஆடிட் முடிந்தால் பட்ஜெட். அக்கா தயாரிக்கும் ரிப்போர்ட் எல்லாம் அவர் பெயரில் மேலே போகும். கையெழுத்துப் போட்டால் அவளுக்குச் சம்பளம் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் அவள் வேறு இடம் பார்த்துப் போய்விடுவாள். எப்படியும் அவருக்கு நஷ்டம். அதனால் காதைக் குடைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒருநாள் அவரே அக்காவைக் கூப்பிட்டார். திரும்பி வந்தபோது அவள் முகம் வெளிறியிருந்தது.

"என்னக்கா ஆச்சு?"

"அவரு அக்கா பையன் ஒருத்தன் இருக்கானாம். அவனும் பாஸாயிட்டானாம். இங்க மூணு வருஷம் வேலை பாத்தான்னு நான் எழுதித் தரணுமாம். தந்தா ரெண்டுத்துலயும் சேத்துக் கையெழுத்து போடறாராம்."

அந்தப் பையன் எங்கள் ஆபீஸ் படியை மிதித்ததே இல்லை. பார்த்தால் எனக்கு அடையாளம்கூடத் தெரியாது. நோகாமல் நொங்கு தின்பது என்றால் இதுதான்! எந்த மாதம் எந்தக் கணக்கை முடித்தான், எந்த ஆடிட்டில் என்ன பதில் சொன்னான் என்று, தான் செய்த வேலையையெல்லாம் அவன் செய்ததாக அக்கா எழுதினாள். மேனேஜர் படித்துக்கூடப் பார்க்காமல் இரண்டிலும் கிறுக்கினார். கையெழுத்தான தாள்களோடு வந்தவள் நேராகப் போய்க் கைகழுவினாள். நானும் பின்னாலேயே போனேன்.

"த்தூ! என் கையே நாறுதுடி" என்றாள். "பாப்பா மட்டும் இல்லன்னா அந்தாள் மூஞ்சிலயே விட்டெறிஞ்சிருப்பேன்."

"விடுங்கக்கா. வேற வழி இல்லாமதான செஞ்சீங்க" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அந்த மகளின் தோள் ஏறி இறங்கியது என் கண்ணிலேயே நின்றது.

பட்டம் வந்தது, சம்பளம் ஏறியது, மரங்கள் இருக்கிற தெருவில் வீடு கிடைத்தது. கொஞ்ச நாளில் மேனேஜர் பெரிய கம்பெனிக்குத் தாவினார். அந்த அறைக்கும் நாற்காலிக்கும் அக்கா போனாள். மற்ற எல்லோரையும்விட நான்தான் அதிகமாகக் கை தட்டினேன். ஒரு மாதம் கழித்து, "வெளி ஆளுங்க இருக்கறப்ப அக்கா வேணாம்டி, மேடம்னு கூப்பிடு" என்றாள். சரி, பதவிக்கு மரியாதை என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் நானும் கடைசித் தாளில் பாஸானேன். கையெழுத்துக்காக என் தாளை எடுத்துக்கொண்டு அக்காவின் அறைக்கு ஏறக்குறைய ஓடினேன். நம்ம அக்காதானே என்று கதவைக்கூடத் தட்டவில்லை.

அவள் தாளைப் புரட்டினாள். "பாஸாயிட்டியா! கெட்டிக்காரிடி" என்று சிரித்தாள். பிறகு அதை மேஜை ஓரத்தில் வைத்தாள். "அவசரம் ஒண்ணும் இல்லையே? இந்தக் குவார்ட்டர் முடியட்டும்."

விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். "போதும்க்கா, அவர மாதிரியே பேசறீங்க!"

"நீயும் போயிட்டா எனக்கு யாருடி இருக்கா? எனக்கு மட்டும் கேட்ட உடனே கெடச்சுதா?" என்றாள். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, குரலை இறக்கினாள். "ஒண்ணு செய். எங்க வீட்டுக்காரர் தங்கச்சி பாஸ் பண்ணிட்டு வீட்டுல சும்மா இருக்கா. அவளுக்கும் ஒண்ணு எழுதிக் கொடுத்துடு. ரெண்டுத்தையும் சேத்துப் போட்டுடறேன்."

மேனேஜரின் பேனா மூடியைப் பார்த்தபோதுகூட எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்ததில்லை. அவர் பிறவியிலேயே அப்படி, இவள் என்னோடு நின்று கைகழுவியவள். மாமியார் கொடுமையில் அழுத மருமகள், தான் மாமியாரானதும் அதே கரண்டியைத்தான் தேடுவாள் போலிருக்கிறது.

வாயில் வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு, "பாப்பாவுக்கு இருமல் எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டேன்.

"இருமலா?" அவளுக்கு ஒரு நிமிஷம் புரியவே இல்லை. "ஓ, அதுவா! அது வீடு மாத்தினதுமே நின்னு போச்சேடி. இப்ப எதுக்கு அது?"

மேஜை ஓரத்திலிருந்து என் தாளை எடுத்துக்கொண்டேன். "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, குழாயைத் திறந்துவிட்டுக் கைகழுவினேன். அந்தத் தாளில் இன்னும் கையெழுத்து விழவில்லை.