மூலையில் தெரிந்த மின்னஞ்சல்

போர்ட் கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியில் வேலை செய்தபோது, கப்பல் வரும் நேரம் மாறினால் கணினித் திரையை முழுசாகப் படம்பிடித்து முதலாளிக்கு வாட்சாப்பில் அனுப்புவேன்.

ஒருநாள் அனுப்பப்போன என் கையைப் பக்கத்து மேசை கவிதா பிடித்தாள். "அக்கா, நில்லுங்க லா! மூலைய பாருங்க!"

ஷா ஆலம் கம்பெனி ஒன்று என்னை இண்டர்வியூவுக்கு அழைத்த மின்னஞ்சல் அங்கே பளிச்சென்று தெரிந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"விண்டோஸ், ஷிப்ட், எஸ் மூணையும் சேர்த்து அமுக்குங்க. வேணும்கிறத மட்டும் மவுசால கட்டம் போட்டு, வாட்சாப்ல பேஸ்ட் பண்ணுங்க."

அமுக்கியதும் திரை மங்கியது. நான் இழுத்த கட்டம் மட்டும் வெளிச்சமாக நின்றது. என்ன அருமையான வசதி! முதலாளியே பதில் போட்டார்: "இப்பதான்மா படம் தெளிவா இருக்கு."

இப்போது நான் ஷா ஆலத்தில் வேலை செய்கிறேன். இங்கேயும் கட்டம் போட்டுத்தான் அனுப்புகிறேன்.

– மல்லிகா, கிள்ளான்