வாழ்த்துப்பாவின் இரண்டாவது பாட்டு

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ரகரமும் றகரமும் எனக்கு எப்போதும் இடம் மாறும். கணினியில் அடித்தால் எழுத்து அழகாக வரும், அடிக்கவும் தெரியும். ஆனால் வரிகளைத் தாளின் நடுவில் சீராக நிறுத்தி அழகாக அடித்த எதையும் இப்போது என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. அதனால் பிரிண்டரில் சிக்கிக் கசங்கிய தாள்களின் பின்பக்கத்தில் பேனையால் எழுதுகிறேன். பிழை இருந்தால் அது என் பிழை.

மட்டக்களப்பு நகரத்தில், வாவியைப் பார்த்தபடி இருக்கும் ஓர் அரச அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சம்பளப் பட்டியலில் தொழிலாளி. செய்வது கணினிகளைப் பார்க்கும் வேலை. எங்கள் பக்கத்து உப்புக் காற்று எந்தச் செம்பையும் விட்டுவைக்காது. கணினிக்குள் நினைவைத் தாங்கும் றாம் துண்டைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகளின் அழிறப்பரால் தேய்த்துப் போட்டால் பாதி நோய் தீரும். மாரி தொடங்கியதும் எறும்புகள் சூட்டைத் தேடி முட்டையோடு பவர் சப்ளைக்குள் குடிவரும். இங்கிலீசில் வரும் எச்சரிக்கைகளை எனக்கு வாசிக்க வராது, அவற்றின் உருவம் தெரியும். எது வந்தால் எதைக் கழற்ற வேண்டும் என்பதும் தெரியும்.

கணினி ஓடும்போது என்னை யாரும் நினைப்பதில்லை. மின்விசிறி சுற்றும்போது அதை யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்? திருத்தி முடித்தால் “தேத்தண்ணி குடிச்சீங்களா அண்ணன்?” என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் நன்றி என்பது அதுதான், எனக்கும் அது போதும் என்றே சொல்லிக்கொள்வேன். ஆனால் மேசைக்கு அடியிலிருந்து எழும்பி முழங்காலைத் தட்டும்போது, ஏனென்று தெரியாமல் ஒரு கணம் கூடுதலாக நிற்பேன். பிறகு போய்விடுவேன்.

இன்னொரு வேலையும் என் தலையில் இருந்தது. யாராவது ஓய்வு பெற்றாலோ மாற்றலாகிப் போனாலோ அவருக்கு வாழ்த்துப்பா அடிக்க வேண்டும். பாட்டு எழுதுபவர் ஓய்வு பெற்ற ஒரு மாஸ்டர். ஐந்து பாட்டு. முதலாவது ஊர், அடுத்தது பள்ளி, பிறகு பணி, குணம், கடைசியில் வாழ்த்து. அதை நான் பூக்கரை வைத்து, பெயரைப் பெரிதாக்கி, பளபளப்பான தாளில் எடுத்து, கண்ணாடிச் சட்டம் போடக் கொடுப்பேன். விழாவில் மாஸ்டர் ராகத்தோடு பாடுவார். அந்த ஆள் பொன்னாடையோடு தலையைக் குனிந்து நிற்பார். சபையின் பின்னால் ஒலிபெருக்கிப் பெட்டியின் பக்கத்தில் நின்று நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

போன கார்த்திகையில் எங்கள் மேடம் என்னைக் கூப்பிட்டார். எங்கள் அலுவலகத்துக்குத் தலைவர் அவர்தான், என்னைவிட வயதில் இளையவர். பொங்கல் விழாவில் இனி வருடம் ஒருவரைக் கௌரவிக்கப் போவதாகவும், முதலாவது ஆள் நான் என்றும் சொன்னார். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. வெளியே வந்து, ஏற்கனவே சரியாக இருந்த ஒரு வயரை இரண்டு தரம் கழற்றிப் பூட்டினேன்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டில் மனமில்லை. மேடையில் ஏறுவதை நினைத்தால் உள்ளங்கை வியர்க்கும். மேடம் மனம் மாறி வேறு ஆளைச் சொல்லிவிடுவாரோ என்று நினைத்தால் அதைவிட வியர்க்கும். மனைவி நீலத்தில் ஒரு சேர்ட் வாங்கி வந்து, அதை அயன் பண்ணி, பிறகு திரும்பவும் அயன் பண்ணினாள்.

மாஸ்டர் விபரம் எடுக்க வந்தார். எனக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, பிறந்தது எங்கே என்று கேட்டார். அமிர்தகழி என்றேன். படித்தது? ஐந்தாம் வகுப்பு மட்டும் என்றேன். உண்மை அதுதான். அந்த வருடம் சண்டையில் நாங்கள் ஊரை விட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது என்னோடு இருந்தவர்கள் இரண்டு வகுப்பு மேலே போயிருந்தார்கள். சின்னப் பிள்ளைகளோடு வகுப்பு வாங்கில் இருக்க வெட்கப்பட்டு, வாவியில் இறால் பிடிக்கும் மாமாவோடு போய்விட்டேன். இதையெல்லாம் மாஸ்டரிடம் சொல்லவில்லை. என் வேலையைப் பற்றிக் கேட்டபோதும் “மிசின் திருத்துற, சேர்” என்பதோடு நின்றுவிட்டேன். அந்த மாரியில் வெள்ளம் கீழ்மாடிக்குள் வருமென்று யாரும் சொல்வதற்கு முன்பே, விடுமுறை நாளில் வந்து கணினிகளை எல்லாம் மேசைகளுக்கு மேல் ஏற்றிவைத்திருந்தேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. நானே சொன்னால் அது வாழ்த்தாகுமா?

ஒரு கிழமை கழித்துப் பாட்டு வட்ஸ்அப்பில் வந்தது. அடிக்கவேண்டியவன் நான்தானே. முதலாவது பாட்டு வாவி சூழ் ஊரில் வந்துதித்த மாணிக்கமே என்று தொடங்கியது. சிரிப்பு வந்தது. இரண்டாவதில் நகரத்தின் பெரிய கல்லூரி ஒன்றின் பெயர் இருந்தது. அங்கே ‘கலையெல்லாம் கற்றுத் தேர்ந்த கல்விக் குன்றே’ என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்.

அன்று பின்னேரமே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாஸ்டரின் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் சாய்மனைக் கதிரையில் இருந்தார்.

“சேர், ரெண்டாவது பாட்டு எனக்குரியது இல்ல.”

“உனக்கில்லாட்டி ஆருக்கு? பேர் உன்ட பேர்தானே போட்டிரிக்கி.”

“அந்தக் கல்லூரிக்குள்ள நான் படிக்கப் போகல்ல சேர். கேபிள் இழுக்கத்தான் போயிரிக்கன்.”

மாஸ்டர் சிரித்தார். “போனாய்தானே. மறுகா என்ன?”

நான் போகாமல் நின்றதைப் பார்த்து, சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். “இஞ்ச பார் தம்பி. பள்ளிப் பாட்டு இல்லாட்டி ஆள் தலையில்லாம நிப்பான். அஞ்சாம் வகுப்பு எண்டு சபையில படிக்க ஏலுமா? சிரிக்க மாட்டானுகளா? நான் எத்தின பேருக்குப் பள்ளிக்கூடம் குடுத்திரிக்கன் எண்டு உனக்குத் தெரியாதா? நீதானே எல்லாத்தையும் அடிச்சாய்.”

வரும் வழியில் பாலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டேன். இத்தனை வருடம் நான் அடித்த பாட்டுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. களஞ்சியத்தில் இருந்த அண்ணன், சாரதியாக இருந்தவர், காவலாளி. அவர்களுடைய பள்ளிகளின் பெயர்களை எவ்வளவு மரியாதையோடு அடித்தேன். அவர்களில் யார் யார் என்னைப் போல? அவர்களும் இப்படி எங்காவது நின்றார்களா, இல்லை சந்தோசமாகச் சட்டத்தை வாங்கிக்கொண்டு போனார்களா? கேட்கக்கூடிய கேள்வியும் இல்லை.

மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு அந்தப் பாட்டுப் பிடித்திருந்தது. திரும்பவும் வாசிக்கச் சொன்னாள்.

“இருந்திட்டுப் போகட்டும். உங்களுக்கென்ன, குறைஞ்சா போகுது?” என்றாள். “மெய் என்ன எண்டு நாம ரெண்டு பேருந்தானே அறிவம்.”

அதுதான் என்னை அரித்தது. மெய் இரண்டு பேருக்குள் இருந்துவிட்டால், மேடையில் நிற்கப் போவது யார்? ஒருநாள்தான் கௌரவம் கிடைக்கப் போகிறது, அதையும் கல்லூரியில் படித்த ஒருவர் வாங்கிக்கொண்டு போகப் போகிறார். ஐந்தாம் வகுப்புக்காரன் வழக்கம்போல ஒலிபெருக்கிப் பெட்டியின் பக்கத்தில்.

மறுநாள் இரண்டாவது பாட்டை எடுத்துவிட்டு, மற்ற நான்கையும் கொஞ்சம் பெரிய எழுத்தில் அடித்தேன். பூக்கரையையும் அகலமாக்கினேன். பார்த்தால் குறை தெரியவில்லை. மாஸ்டருக்கும் ஒரு பிரதி அனுப்பி, பள்ளிப் பாட்டு வேண்டாம் என்று எழுதினேன். அவர் பதிலுக்குக் கைகூப்பும் படம் ஒன்று அனுப்பினார். ஒப்புக்கொண்டார் என்று நினைத்தேன்.

பொங்கல் விழா அன்று மேடையில் எனக்கும் ஒரு கதிரை போட்டிருந்தார்கள். மேடம் பொன்னாடை போர்த்தினார். மாஸ்டர் மைக்கைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். தாள் அவர் கையில் இருந்தது, ஆனால் பார்க்கவில்லை. முதலாவது பாட்டு முடிந்தது. அதே ராகத்தில், கொஞ்சம் கூடச் சத்தமாக, கல்லூரியின் பெயரோடு இரண்டாவது பாட்டு வந்தது. ஐந்தையும் மனப்பாடம் பண்ணியிருந்தார். சபையில் அந்தக் கல்லூரியின் பழைய மாணவர்கள் இருந்த பக்கத்திலிருந்து கைதட்டல் எழும்பியது. முன்வரிசையில் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். நன்றி மட்டும் சொல்லிவிட்டு இறங்குவதாகத்தான் இருந்தேன். மைக்கில் என் மூச்சு எனக்கே கேட்டது.

“எல்லாருக்கும் வணக்கம்,” என்றேன். “மாஸ்டர் பாடின கல்லூரியில நான் படிக்கல்ல. நான் அஞ்சாம் வகுப்புத்தான்.”

சபையில் ஆளை ஆள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கைதட்டினார்கள். முன்பைவிடப் பலமாக, எழும்பி நின்றும் சிலர். நிகழ்ச்சியை நடத்தியவர் மைக்கை வாங்கி, “இவ்வளவு பெரிய அடக்கத்தை இந்தக் காலத்தில் காண முடியுமா?” என்று கேட்டார். நான் பொன்னாடையோடு நடுவில் நின்றேன். இதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

கீழே இறங்கியதும் எங்கள் கணக்காளர் வந்து தோளில் கை போட்டார். அவர் அந்தக் கல்லூரியில் படித்தவர். அதுவரைக்கும் என்னை அண்ணன் என்றுதான் கூப்பிட்டவர்.

“மச்சான், நம்மட பொடியன் எண்டு ஏன் இவ்வளவு காலமாச் சொல்லல்ல? எந்த வருச பட்ச்?”

“நான் மெய்யாத்தான் சொன்னன் சேர்.”

“விடு மச்சான். நம்மட கல்லூரி இங்கிலீஸ் மாஸ்டரிட்ட அடி வாங்கின எல்லாரும் இப்பிடித்தான், அந்தப் பக்கமே போகாத மாதிரிக் கதைக்கிற.”

அடுத்த நாளிலிருந்து அலுவலக மண்டபத்தின் அந்தப் பக்கத்திலிருந்து “மச்சான், பிரிண்டர் நிக்குது” என்று கூப்பிடத் தொடங்கினார். அவருடைய சிநேகிதர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். தேநீருக்குப் போகும்போது என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். பள்ளிக்கால விளையாட்டுப் போட்டிகளைப் பற்றிக் கதைத்தார்கள், நான் சிரித்தேன். மறுத்துச் சொன்னால் அடக்கம் என்றார்கள், சொல்லாவிட்டால் ஆமென்றார்கள். என்னை மேலும் குழப்பிய விடயம் வேறு. மச்சான் என்ற அந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போயிருந்தது. காலையில் அது எப்போது கேட்கும் என்று காது பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மாதம் போனால் நானும் அந்த இங்கிலீஸ் மாஸ்டரைப் பற்றிக் கதை சொல்லத் தொடங்கிவிடுவேன் என்று பயந்தேன்.

பழைய மாணவர் சங்கத்தில் என்னைச் சேர்க்கப் போவதாகக் கணக்காளர் சொன்ன அன்று, நேரே மேடத்தின் அறைக்குப் போனேன். கூப்பிடாமல் அங்கே போனது அதுவே முதல்தடவை.

“மேடம், நான் படிச்சது அஞ்சாம் வகுப்பு.”

“அத நீங்க மேடையிலயே சொன்னீங்கதானே அண்ணன்.”

“அது மெய் மேடம். அடக்கம் இல்ல.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கௌரவத்தைத் திருப்பிக் கேட்பாரோ என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. என்னை நிமிர்ந்து பார்த்து, மெதுவாகக் கேட்டார்.

“அப்ப இந்த வேலையெல்லாம் எப்பிடிப் பழகினீங்க?”

இருபது வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. நான் நின்றபடியே சொல்லத் தொடங்கினேன். கணினிப் பெட்டிகளை மாடிக்குச் சுமக்கத்தான் என்னை முதலில் எடுத்தார்கள். கொழும்பிலிருந்து பொருத்த வந்தவருக்கு வயர் பிடிக்க ஆளில்லாமல் என்னைப் பிடிக்கச் சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது, விரலால் காட்டிக்காட்டித்தான் சொல்லித் தந்தார். அவர் போனபின், கழித்துப் போட்ட கணினி ஒன்றைக் களஞ்சியத்தில் வைத்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கழற்றுவேன், பூட்டுவேன். ஒருநாள் அதன் மின்விசிறி சுற்றியது. அந்தக் காற்று முகத்தில் பட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது மேடத்தின் ரெலிபோன் அடித்தது.

எடுத்து ஓம், ஓம் என்றார். மாவட்டக் கூட்டம் எதைப் பற்றியோ. நான் கதவடியில் நின்றேன். அவர் ரெலிபோனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “மிச்சத்த எழுதித் தாங்க அண்ணன். ஆண்டு மலருக்குப் போடுவம்.”

உண்மையாகவே கேட்டாரா, அனுப்பிவிடுவதற்காகச் சொன்னாரா என்று இன்றைக்கும் தெரியாது. ஆனால் கணக்காளரிடம் அவர் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அடுத்த கிழமை நான் திரும்பவும் அண்ணன் ஆனேன். சங்கப் பேச்சு நின்றுவிட்டது. அவர் மரியாதையில் குறை வைக்கவில்லை. கணினி நின்றால் கூப்பிடுகிறார், தேத்தண்ணி குடிச்சீங்களா என்று கேட்கிறார். தேநீருக்குப் போகும்போது மட்டும் என் மேசைப் பக்கமாக வருவதில்லை. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் காது அந்தச் சொல்லை இன்னும் தேடுகிறது, அதை எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை.

மேடம் மலரைப் பற்றித் திரும்பக் கேட்கவில்லை. நானும் நினைவூட்டவில்லை. எழுதத் தொடங்குவேன், இரண்டு வரியில் எழும்பிப் போய்விடுவேன். போன கிழமை அவருக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றம் வந்திருக்கிறது. மாஸ்டர் அவருக்கு எழுதிய வாழ்த்துப்பா இன்று என் போனுக்கு வந்து சேர்ந்தது. திங்கட்கிழமை அதை அடிக்க வேண்டும். அதற்கு முன்னால், கேட்டவர் இங்கே இருக்கும்போதே, அவர் கேட்டதற்கு என் பதில் முழுதாக அவர் மேசைக்குப் போய்விட வேண்டும் என்று இன்று காலையிலிருந்து எழும்பாமல் இருந்து எழுதி முடித்தேன்.

23.08.2025, சனிக்கிழமை.