பன்றிக்கறியில் விழுந்த பல்செட்டு

கல்யாணமாகி ஓசூருக்கு வந்த எனக்கு அது முதல் கிறிஸ்துமஸ். அதற்குச் சற்று முன்புதான் என் மாமனார் பெங்களூருக்குப் போய்ப் பல்செட்டு கட்டிக்கொண்டு வந்திருந்தார். எங்கள் தெருவில் அதுவரை யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கழற்றிக் காட்டினார். ஆனால் அதை வைத்து இட்லிக்கு மேல் எதையும் மென்றதில்லை. முதலில் கடிப்பது பண்டிகைப் பன்றிக்கறியாகத்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம்.

கறி பக்கத்து ஊரான தளியிலிருந்து வந்தது. கிழட்டுப் பன்றி. கொண்டுவந்தவர் கன்னடத்தில், "ஸ்வல்ப ஜாஸ்தி பேயலி" என்றார், கொஞ்சம் கூடுதலாக வேகட்டும் என்று. பூசை முடிந்து வந்ததும் அடுப்பில் ஏற்றினேன். கொட்டாங்குச்சி போட்டேன், பப்பாளிக்காய் போட்டேன். மத்தியானமாகியும் கறி செருப்புத் தோல் மாதிரியே கிடந்தது.

மாமனாரின் அக்காவுக்கு ஒரு பல்கூட இல்லை. அடுப்புக்கு எதிரே பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். "எனக்கு நார் நாராப் பிரியணும். எறக்கிடாத" என்றார்.

மாமனாருக்குப் பொறுக்கவில்லை. "ஒரு துண்டு எடும்மா, பாக்கறேன்."

கரண்டியில் எடுத்து நீட்டினேன். சட்டியின் மேலேயே குனிந்து கடித்து இழுத்தார். கறி பிய்யவில்லை. மேல்வரிசைப் பல் கறியைக் கவ்வியபடியே வாயைவிட்டு வந்து குழம்பில் முழுகிப்போனது.

கரண்டியால் துழாவினேன். வந்ததெல்லாம் கறிதான். என் கணவர் சட்டியைக் கீழே கவிழ்க்கலாம் என்றார்.

"கொட்டுனா யாரு திம்பாங்க? வேகட்டும். கறி கரைஞ்சா பல்லு தனியா நிக்கும். பல்லு என்னா வெந்தா போவுது?" என்றார் அக்கா.

நியாயமாகத்தான் பட்டது. விறகை இன்னும் தள்ளினேன். பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்ல வந்தவர்களுக்கெல்லாம் மாமனார் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். கோபமாக இருக்கிறார் என்று நினைத்துப் பலரும் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள்.

சாயங்காலம் கரண்டி பட்டாலே கறி நாராக உதிர்ந்தது. வாழையிலையில் கொட்டி, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பிரித்துத் தேடினோம். பல் கிடைத்தது. கழுவிக் கொடுத்தேன். மாமனார் போட்டுப் பார்த்தார். கொதியில் அது வளைந்துபோயிருந்தது.

"இது என் பல்லு இல்ல" என்றார்.

"வேற யாரு பல்லுப்பா கொழம்புல இருக்கும்?" என்று என் கணவர் அமைதியாகக் கேட்டார்.

"இங்க குடு" என்று அக்கா வாங்கி வாயில் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது. தட்டிலிருந்த முறுக்கை எடுத்துக் கடித்தார். சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மாமனார் நாரான கறியைச் சோற்றில் பிசைந்து தின்றார்.

அக்கா அதைத் திருப்பித் தரவேயில்லை. மாமனாரும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் பார்த்தவர்கள், அக்கா சிரித்தால் அப்படியே தம்பி ஜாடை என்றார்கள்.