உப்புப் போட்டுக் கழுவிய உரல்

எங்கள் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கும் சுடலைமாடத்தி எல்லோருக்கும் மாடத்தியக்கா. வயது நாற்பத்திரண்டு. உடன்குடிப் பக்கம் பிறந்தவர். தூத்துக்குடியில் மளிகைக் கடை வைத்திருக்கும் லிங்கராஜ் அண்ணாச்சியைக் கல்யாணம் செய்து இங்கே வந்தார். பத்து வருடங்களுக்கு முன் வராந்தா பெருக்கத்தான் வேலைக்குச் சேர்ந்தார். ஒருநாள் ஆய்வக ஆள் வராததால் பியூரெட் என்ற நீளக் கண்ணாடி அளவுக்குழாய்களைக் கழுவச் சொன்னார்களாம். மறுநாள் அவற்றைத் தூக்கிப் பார்த்த துறைத்தலைவர், இனித் துடைப்பத்தை வேறு யாராவது பிடிக்கட்டும் என்றாராம். நான் வந்து எட்டு மாதத்தில் இந்தக் கதையை மூன்று முறை கேட்டுவிட்டேன்.

ரசாயனங்களுக்கு அவர் வைத்த பெயர்கள் தனி. அம்மோனியா கண்ணெரிச்சான். அசிட்டோன் நகப்பாலிஷ். புற ஊதா விளக்கு பொருத்திய கறுப்புப் பெட்டி, சினிமாக் கொட்டகை. மாதிரிகளை அரைக்கும் சின்னப் பீங்கான் உரலைக் கழுவவும் அவருக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் ஒரு கை கல்லுப்பைப் போட்டு நறநறவென்று அரைப்பார். கறையெல்லாம் உப்போடு வந்துவிடும். பிறகு நான்கு தண்ணீர், கடைசியில் வெயில். உரல் அலமாரியின் சாவி அவர் இடுப்பை விட்டு இறங்காது.

அந்த உப்பை வைத்துத்தான் அவர்மேல் நான் பழி போட்டேன்.

ஆழ்வார்திருநகரிப் பக்கம் நெல் விவசாயக் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். இங்கே ஓர் ஆய்வுத் திட்டத்தில் வேலை. நான்கு மாதம் பாடுபட்டு ஒரு கரிமச் சேர்மம் தயாரித்திருந்தேன். வெறும் கண்ணுக்கு வெள்ளைப் படிகம். கறுப்புப் பெட்டிக்குள் நீலமாக ஒளிரும். சென்னைக்குச் சோதனைக்கு அனுப்பப் பொடியாக வேண்டுமென்று அக்காவிடம் அரைக்கக் கொடுத்தேன். அரைத்து வந்ததைப் பெட்டிக்குள் வைத்தால், பச்சை.

"என்னக்கா கலந்தீய?"

"நான் என்னத்தைக் கலந்தேன்?"

"உரல்ல உப்பு இருந்திருக்கும்."

அந்த நேரம் பார்த்துத் துறைத்தலைவர் ஜெயகணேஷ் சார் உள்ளே வந்தார். அவரிடமும், அங்கிருந்த மாணவர்கள் முன்னால், அதையே சொன்னேன். "சரி, இனி உன் உரலை நீயே கழுவிக்க" என்று சொல்லிப் போய்விட்டார்.

அக்கா சாவியை அவிழ்த்து என் மேசையில் வைத்தார். "பத்து வருசத்துல என் கழுவல்ல குத்தம் சொன்ன மொத ஆளு நீதாம்ல."

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா நினைவுக்கு வந்தார். எங்கள் ஊரில் வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால், நீ திருப்பிவிட்டாயா என்ற கேள்வி முதலில் என் அப்பாவிடம்தான் வரும். அந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு வெறுப்பு. இன்று அதே கேள்வியை நான் கேட்டிருக்கிறேன். உப்பு பச்சையாக ஒளிருமா என்றுகூட யோசிக்கவில்லை. என் தயாரிப்பைச் சந்தேகிக்கவும் தோன்றவில்லை. படித்து நான் கற்றது இதுதானா?

இரண்டு மணிக்கு அக்காவே வந்தார்.

"அரைக்காதது மிச்சம் இருக்கா?"

"கொஞ்சம் இருக்குக்கா."

"உரல் வேண்டாம். உன் டப்பாவுலருந்து புதுக் கண்ணாடித் துண்டு ரெண்டு எடு. நான் எதையும் தொடமாட்டேன், பிறகு என் கையில உப்பு இருந்துச்சும்பே."

இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஒரு படிகத்தை வைத்துப் பெட்டிக்குள் நீட்டினேன். நீலம்.

"இப்ப அமுக்கித் தேய்."

தேய்த்தேன். என் கட்டைவிரலுக்குக் கீழே நீலம் பச்சையாக மாறிப் பரவியது.

"இதுல நான் எங்கன வந்து உப்புப் போட்டேன்?"

அழுத்தினால் மூலக்கூறுகள் அடுக்கியிருக்கும் விதம் குலையும், அதனால் ஒளிரும் நிறம் மாறும், பொருள் அதேதான் என்று எம்.எஸ்சி. தேர்வில் அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். நல்ல மதிப்பெண் வேறு.

தொடமாட்டேன் என்றவருக்கு அழுக்குக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கழுவுவதற்காக அசிட்டோன் ஒரு சொட்டு விட்டார். அது காயக் காய, பச்சை மறைந்து நீலம் திரும்பியது.

"பாத்தியா? கழுவினா சரியாயிரும்."

சாவியை நீட்டினேன். வாங்கவில்லை. "எல்லார் முன்னாலயும் சொன்னதை எல்லார் முன்னாலயும்தான் சரி பண்ணணும்."

அரைத்த பொடியில் கொஞ்சத்தை அசிட்டோனில் கரைத்து வடிதாளில் ஊற்றிக் காயவைத்தேன். அக்கா கண்ணாடிக் கம்பியின் மழுங்கிய முனையால் அதில் அழுத்தி ஏதோ எழுதினார். வெளிச்சத்தில் வெறும் வெள்ளைத் தாள்.

மூன்று மணிக்குச் சாரையும் மாணவர்களையும் கூப்பிட்டுத் தாளைப் பெட்டிக்குள் வைத்தேன். நீலத்தின் நடுவே பச்சை எழுத்தில்: உப்பு இல்லை.

"அக்கா மேல தப்பில்ல சார். எனக்குத்தான் தெரியல" என்றேன்.

சார் குனிந்து நெடுநேரம் பார்த்தார். அவரே ஒரு சொட்டு அசிட்டோன் விட்டார். எழுத்து அழிந்தது. "இன்னொரு தடவை எழுது மாடத்தி" என்றார், சினிமாவுக்கு வந்த பிள்ளை மாதிரி.

"சாவி வரட்டும் சார், எழுதுதேன்."

கொடுத்தேன். இடுப்பில் முடிந்துகொண்டு எழுதினார்.

மறுநாள் அரைத்தது ஒன்று, அரைக்காதது ஒன்று என இரண்டு குப்பிகள் சென்னைக்குப் போயின. அரைத்த பொடி இருந்த குப்பியின் சீட்டில் 'அரைத்தவர்: சுடலைமாடத்தி' என்று எழுதி ஒட்டினேன். அன்று புதிதாகச் சேர்ந்த மாணவிகளுக்கு அக்கா பியூரெட் கதையைச் சொன்னார். இப்போது அதற்கு இரண்டாம் பாகம் உண்டு. அதில் 'ஒரு பய' வருகிறான். பெயரைச் சொல்வதில்லை, சொல்லும்போது என்னைப் பார்த்துக்கொள்வார், அவ்வளவுதான்.