நன்றி சொல்லாத குணசுந்தரி

தாழங்குடாவில் மீன் விற்கும் குப்புவின் மகள் குணசுந்தரி, சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் படித்தாள். மேடைப் பேச்சும் அலுவலகக் கடிதமும் கற்பிக்கிற துணைப்பாடம் ஒன்றையும் அடம்பிடித்து எடுத்துக்கொண்டாள்.

"பேசுறதுக்குமா காலேஜு? நான் எந்தக் காலேஜுல கத்துக்கினேன்?" என்று குப்பு சிரித்தாள்.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. ஆண்டுவிழா மேடையில் பேசுவதுதான் செய்முறைத் தேர்வு. பையன்களுக்கு விவாதம், பெண்களுக்கு நன்றியுரை. எந்தப் புண்ணியவான் வகுத்தானோ தெரியாது. விவாதம் பேசத்தான் குணசுந்தரி அந்த வகுப்புக்கே வந்தாள். ஆசிரியர் நடனசபாபதியிடம் போய்க் கேட்டாள்.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா அந்த வம்பு? சிரிச்ச மொகமா நாலு பேருக்கு நன்றி சொல்லிட்டு எறங்கு, மார்க் போட்டுடுறேன்" என்றார் அவர். கெட்ட மனிதரில்லை. வழக்கத்தை மாற்ற மட்டும் அவருக்கு மனசு வராது.

1966ஆம் வருட ஆண்டுவிழாவுக்குக் கடலூரிலிருந்து ஒரு பெரிய வக்கீல் வந்தார். பையன்களின் விவாதத்தை வானளாவப் புகழ்ந்துவிட்டு, "மீன்காரியும்தான் நாள் முழுக்கப் பேசுகிறாள். அது பேச்சாகுமா? வெறும் கூச்சல்!" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. நடனசபாபதியும் சிரித்தார். குணசுந்தரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்து அவள் முறை. மனப்பாடம் செய்திருந்த நன்றியுரையை அப்படியே விழுங்கிவிட்டாள்.

"வக்கீல் சாருக்கு நன்றி சொல்ல வந்தேன். சொல்லப் போறதில்ல. எங்கம்மா மீன்காரிதான். நேத்து மீன நேத்து மீனுன்னு சொல்லித்தான் விப்பாங்க. வாங்க வர்றவங்க எதுத்துப் பேசுவாங்க, அதுக்கும் நின்னு பதில் சொல்லுவாங்க. சார் பேசினாரு. எதுத்துப் பேச இங்க ஒரு பொண்ணுக்காவது எடம் குடுத்தீங்களா?"

அவள் விறுவிறுவென்று இறங்கிப் போனாள்.

மறுநாள் நடனசபாபதி கூப்பிட்டு அனுப்பினார். "வக்கீலுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடும்மா. பாஸ் போட்டுடலாம். கடிதத்துல நீதான கெட்டிக்காரி?"

"எழுதத் தெரியும் சார். எழுத மாட்டேன்."

செய்முறைத் தேர்வில் முட்டை விழுந்தது. அதில் தேறாமல் பட்டம் கிடையாது. கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது அவளுக்கு. ஆனாலும் கடிதம் எழுதவில்லை.

செப்டம்பர் தேர்வுக்கு அவள் ஒருத்திதான். எதிரே நடனசபாபதி. தலைப்பைப் படித்தார். மறுபடியும் நன்றியுரை.

"விவாதம் குடுங்க சார். நன்றியுரைதான்னா, மார்ச்சுக்கும் வருவேன், அடுத்த செப்டம்பருக்கும் வருவேன்."

அவர் அலுத்துக்கொண்டார். "விவாதம்னா எதிர்க்கட்சி வேணாமாம்மா? ஒன்ன எதுத்துப் பேச இங்க யாரு இருக்கா?"

"நீங்க இருக்கீங்களே சார், வாங்க" என்றாள் குணசுந்தரி.