பதினோராவது ஆள்

“...பந்து ஒதைக்கறதுக்கு எம்பையன் சேலத்துக்கு வந்துட்டான்னு வெச்சுக்குங்க வாத்தியாரே, அப்புறம் இந்தக் கவலையை ஆருங்க ஓட்டறது?” திருச்செங்கோட்டுக்கு மேற்கே ஒரு மிளகாய்க் காட்டுக் கிணற்றடியில் அந்த அம்மாள் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையைக் காட்டி எங்கள் கோச்சிடம் இப்படிக் கேட்டார். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நான் அப்போது சேலத்தில் ஒரு கல்லூரியின் மைதான ஆள். சுண்ணாம்புக் கோடு போடுவதும் பந்துக்குக் காற்றடிப்பதும் என் வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் கோச் மதராஸிலிருந்து புதிதாக வந்து சேர்ந்தார். கால்பந்து அணி என்று சொல்லிக்கொள்ள அன்று ஏழு பேர்; அதில் இரண்டு பேருக்கு ஓடினால் இளைக்கும். கோடை முடிந்து கல்லூரி திறக்கும்போது பதினோரு பேரை நிறுத்தாவிட்டால் அணியும் இல்லை, உமக்கு வேலையும் இல்லை என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார்.

அந்தக் கோடை முழுக்க நாங்கள் இருவரும் சைக்கிளில் அலைந்தோம். எடப்பாடியில் பள்ளி இறுதி தேறிய நெசவாளர் பிள்ளைகளைத் தேடிப் போனோம். தறி மிதித்த காலில் உதைக்கு வலு இருக்கும் என்பது அவர் எண்ணம். “காலு போச்சுன்னா தறி போச்சுங்க” என்றார் ஒரு தகப்பனார். இன்னொருவர், “எங்க பசங்க ஓடுவானுங்க, நீங்க நின்னு பாப்பீங்க. நல்ல உத்தியோகமுங்க” என்று சிரித்தார். எல்லா வீட்டிலும் கோச் ஒரே வார்த்தைதான் சொல்வார்: “அதுக்கு ஒரு வழி பண்ணலாம்.” கேட்டுக் கேட்டு எனக்குக் காது மரத்துப்போயிற்று. ஒரு வீட்டுக்கும் அவர் வழி பண்ணியதில்லை. பையன்கள் வந்தார்கள், அங்கே தறிகள் நின்றன. இருந்தவர்களோடு சேர்த்துப் பத்துப் பேர் ஆயிற்று.

இன்று அந்த மைதானத்தைச் சுற்றிக் கம்பி வேலி. பையன்கள் தாங்களாகவே வந்து வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொருவனையும் பார்க்கும்போது, இவன் விட்டுவந்த வேலை வீட்டில் யார் தலையில் விழுந்ததோ என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மிளகாய்க் காட்டு அம்மாளின் பையனைக் கோச் கண்டது சாலையிலிருந்து. மாடுகள் வடக்கயிற்றை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கினால் கிணற்றிலிருந்து தண்ணீர்ச் சால் மேலே வரும். காலிச் சால் திரும்பக் கிணற்றில் இறங்க, அவை பின்பக்கமாகவே நடந்து மேடேற வேண்டும். அவற்றோடு அவனும் திரும்பிப் பார்க்காமல் பின்னுக்கு நடந்தான், ஓட்டமாக. “முன்னால கண்ணு, பின்னால காலு. கோல் பக்கம் நின்னு தடுக்க எனக்கு வேண்டிய பேக் இவன்தான்யா” என்றார். பள்ளி இறுதி தேறியவன். தகப்பன் போன பிறகு படிப்பை விட்டுக் கவலை ஓட்டிக்கொண்டிருந்தான்.

இரண்டு முறை போய் மோர் குடித்துவிட்டுத் திரும்பினோம். மூன்றாவது முறைதான் அந்தக் கேள்வி. கல்லூரி திறக்க நான்கு நாள் இருந்தது. கோச் வழக்கமான வார்த்தைக்கு வாயைத் திறந்தார். பிறகு தொப்பியைக் கழற்றி, கிணற்று மேட்டு மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“தெரியலைம்மா. எல்லா வீட்லயும் வழி பண்றேன்னு சொல்லிட்டு வந்தேன். இனிமே சொல்ல முடியல. அவன் இங்கேயே இருக்கட்டும்.”

எழுந்து சைக்கிளைத் திருப்பினார். “இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்க” என்றார் அம்மாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சரிவில் ஏறி, மகன் கையிலிருந்த சாட்டையை வாங்கிக்கொண்டு, வடத்தின் மேல் உட்கார்ந்து மாட்டை அதட்டினார்.